மிஞ்சிய ஒன்று – 9: தங்கவயல் இருட்டில் ஒரு தடம்

இதுவரை: பிரபஞ்சம் பிறந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் சரிபாதியாகப் பிறந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அழித்து வெறும் ஒளி மட்டும் எஞ்சியிருக்க வேண்டும். ஆனால் நாம் இருக்கிறோம். எப்படி? 1928-ல் டிராக்கின் சமன்பாட்டில் தொடங்கிய விசாரணை, 1932-ல் ஆண்டர்சன் பிடித்த பாசிட்ரான், 1964-ல் குரோனினும் ஃபிட்ச்சும் கண்டுபிடித்த ஓரவஞ்சனை என்று நகர்ந்து, சென்ற வாரம் ஆந்த்ரேய் சகாரவ் 1967-ல் எழுதிய சின்னக் கட்டுரையில் வந்து நின்றது.

●

1981. கோலார் தங்கவயல்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட்டில் இறங்கினால், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு குகை. துறையூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பச்சைமலையின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், கீழ்நோக்கி.

குகைக்குள் 140 டன் எடையில் ஒரு இரும்பு அடுக்கு. இரும்புத் தகடுகளுக்கு இடையிடையே வாயு நிரப்பிய சதுரக் குழாய்கள், ஏறத்தாழ 1600. மின்னூட்டம் உள்ள துகள் ஏதாவது ஒரு குழாயைக் கடந்தால் அந்தக் குழாய் ஒரு மின்துடிப்பைக் கொடுக்கும். துடித்த குழாய்களைப் புள்ளியாக வைத்து இணைத்தால் துகள் போன வழி தெரிந்துவிடும். வழக்கமாகப் பதிவான தடங்களில் சுவாரசியம் எதுவும் இருக்காது. மேலே நுழையும், கீழே வெளியேறும். விண்ணிலிருந்து வந்த மியூவான் என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள்.

இந்தத் தடம் வேறு மாதிரி இருந்தது. அடுக்கின் நடுவிலேயே தொடங்கியிருந்தது, நடுவிலேயே முடிந்திருந்தது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வந்த அடையாளம் இல்லை, உள்ளிருந்து எதுவும் வெளியே போன அடையாளமும் இல்லை. இரும்புக்குள் இருந்த ஏதோ ஒன்று, யாரும் தொடாமல், தானாகச் சிதறியது போலிருந்தது.

இரும்பு யுரேனியம் போன்றதல்ல. அதில் தானாக உடைவதற்கு ஒன்றுமில்லை. ஒரு புரோட்டானே செத்துப்போயிருந்தால் ஒழிய.

புரோட்டான் சாகுமா? செத்தால்தான் நமக்கென்ன? அதைச் சொல்லாமல் கதையை மேலே நகர்த்த முடியாது.

●

துறையூர் கடைவீதியில் ஒரு மொத்த வியாபாரியின் பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரவு 100 கோடியே ஒரு ரூபாய். செலவு 100 கோடி. கழித்தால் மிச்சம் ஒரு ரூபாய். ஆதிப் பிரபஞ்சத்தின் கணக்கும் சுமாராக இதுதான். 100 கோடி எதிர்த்துகளுக்கு 100 கோடியே ஒரு துகள். சோடி சோடியாக அழிந்தவை ஒளியாயின. அந்த ஒளி குளிர்ந்து குளிர்ந்து, இன்று வானம் முழுக்க நுண்ணலையாக நிரம்பிக் கிடக்கிறது. மிஞ்சிய அந்த ஒற்றை ரூபாயில்தான் காவிரி, மலைக்கோட்டை, சூரியன், ஆண்ட்ரோமீடா, நீங்கள், நான் எல்லோரும்.

அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் சகாரவ். சோவியத் ஒன்றியத்துக்கு ஹைட்ரஜன் குண்டு செய்து கொடுத்தவர். தொடக்கத்தில் வரவும் செலவும் சமமாக இருந்து, பிறகு ஒரு ரூபாய் மிஞ்ச வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும் என்றார். பொருளின் மொத்தக் கணக்கே மாறக்கூடியதாக இருக்க வேண்டும். பொருளையும் எதிர்ப்பொருளையும் இயற்கை ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. மிஞ்சியது திரும்பக் கரைந்துவிடாதபடி எல்லாம் சமநிலை குலைந்த அவசரத்தில் நடந்திருக்க வேண்டும்.

மூன்றாவதற்குப் பிரபஞ்சம் விரிந்த வேகமே போதும். இரண்டாவதற்கு 1964-லேயே சாட்சி கிடைத்துவிட்டது. நடுநிலைக் கேயான் என்ற துகள் ஆயிரத்தில் இரண்டு முறை விதியை மீறியதைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். முதலாவதற்குத்தான் ஒரு சாட்சிகூட இல்லை.

அந்த முதல் நிபந்தனைக்குள் ஒரு பயங்கரம் ஒளிந்திருக்கிறது. பொருளைப் புதிதாகப் பிறப்பிக்க ஒரு வழி இருக்கிறதென்றால், அதே வழியில் பொருள் திரும்பிப் போகவும் முடியும். அதாவது புரோட்டானுக்கும் சாவு உண்டு. செத்தால் ஒரு பாசிட்ரானையும் பையான் என்ற இன்னொரு துகளையும் எதிரெதிர்த் திசையில் எறிந்துவிட்டுச் சாகும் என்பது கோட்பாட்டாளர்களின் முதல் ஊகம். பாசிட்ரான் எதிர்ப்பொருள். அணுவின் கருவில் இருக்கும் துகள், சாகும்போது எதிர்ப்பொருளைப் பெற்றுப்போட்டுவிட்டுச் சாகிறது!

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். பாசிட்ரானைப் பார்த்தால் போதுமென்றால் அதற்குச் சுரங்கம் எதற்கு? நியாயமான கேள்விதான். நம் தொட்டியம் வாழைப்பழத்திலேயே பாசிட்ரான் இருக்கிறது. பழத்திலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறிய பங்கு கதிரியக்கம் உடையது. ஒரு பழம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரானை வெளியிடுகிறது. புற்றுநோய்ச் சோதனைக்காகத் துறையூரிலிருந்து திருச்சிக்குப் போய் பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருகிறவர்களின் உடம்பிலும் பாசிட்ரான்தான் வேலை செய்கிறது. ஆனால் அங்கெல்லாம் புரோட்டான் சாவதில்லை, நியூட்ரானாக உருமாறுகிறது. அணுக்கருவுக்குள் இருக்கும் தலைகளின் எண்ணிக்கை குறைவதே இல்லை. பேரேட்டில் ஒரு தலை குறைந்தது என்று காட்டும் சாட்சிதான் சகாரவின் வழக்குக்கு வேண்டும். அது தரைமேல் கிடைக்காது. காரணம், வானம்.

உங்கள் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிப் பிறக்கும் துகள்கள் இவை. இந்த ஓயாத மழையில், எப்போதோ ஒரு முறை சாகும் புரோட்டானின் சத்தம் எப்படிக் கேட்கும்? மழை நனைக்காத ஆழம் வேண்டும்.

அப்படி ஒரு ஆழம் நமக்கு இருந்தது. அதைத் தோண்டியவர்கள் இயற்பியலுக்காகத் தோண்டவில்லை.

●

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி தங்கவயலில் இறங்கியது. கம்பெனிக்கு மூளையும் முதலும் லண்டனில். கைகளும் முதுகுகளும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தன. மைசூர் சமஸ்தானத்துக்குள் ஒரு தமிழூர் முளைத்தது. மாரிகுப்பம், ஊரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பெயர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்டவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் மறைவுக்குப் பல வருடங்கள் கழித்து 1926-ல் ஜி. அப்பாதுரையார் மறுபடி கொண்டுவந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். சுரங்கத் தொழிலாளிகள் மத்தியில் பௌத்தமும் பகுத்தறிவும் வாசிப்பும் செழித்த ஊர் அது. இதைப் பற்றித் தனித் தொடரே எழுதலாம்.

தங்கம் எடுக்க எடுக்க ரேகை கீழே கீழே போனது. மனிதர்களும் கூடவே போனார்கள். கடைசியில் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஆழம் கூடக்கூடப் பாறை சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். தப்பித்தவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசி குடியேறும். நூற்றிருபது வருடத்தில் அங்கிருந்து வெளியே போன தங்கம் சுமார் 800 டன்.

இயற்பியல் வரலாறுகளில் இந்தப் பகுதியைத் தேடினால் அனேகமாக ஒரே வரிதான் இருக்கும்: ‘இந்தியாவில் ஆழமான சுரங்கம் ஒன்று இருந்தது.’ இருந்ததாம்! மழையில் முளைத்த காளான் போலப் பேசுகிறார்கள். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். அந்த ஆழத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஷிப்டு, ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு.

●

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளம் விஞ்ஞானி பி.வி. ஸ்ரீகண்டன், ஹோமி பாபாவின் யோசனைப்படி 1950-களின் தொடக்கத்தில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு தங்கவயலுக்கு வந்தார். ஆழம் கூடக்கூட மியூவான் எவ்வளவு குறைகிறது என்று அளப்பதுதான் வேலை. பத்து வருடத்துக்குப் பிறகு கருவிகள் இன்னும் கீழே, இன்னும் கீழே என்று போய், ஒரு ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் பதிவாகவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கருவி பழுதென்று நினைத்திருப்பார்கள். இவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். மியூவானே வராத இடத்தில் ஒரு துகள் பதிவானால் அது நியூட்ரினோ கொண்டுவந்ததாகத்தான் இருக்க முடியும். பாறை, மலை, பூமிப்பந்து எதுவும் நியூட்ரினோவுக்குத் தடையில்லை. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை அதுவரை உலகில் யாரும் பிடித்ததில்லை.

எம்.ஜி.கே. மேனன் தலைமையில், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் கூட்டுச் சேர, கருவிகள் இறங்கின. அதே சமயம் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்கரான ஃபிரெடரிக் ரெய்ன்ஸும் அதே வேட்டையில் இருந்தார். பந்தயம் நூலிழையில் முடிந்தது. முதல் நியூட்ரினோ தடம் விழுந்தது ரெய்ன்ஸின் கருவியில், 1965 பிப்ரவரி 23 அன்று. கட்டுரை முதலில் அச்சானது தங்கவயல் குழுவுக்கு, 1965 ஆகஸ்ட் 15 அன்று. ரெய்ன்ஸின் கட்டுரை ஆகஸ்ட் 30-ல் வந்தது. இரண்டு சுரங்கத்திலும் தோண்டியவர்கள் சொந்த நாட்டில் உரிமை இழந்த மனிதர்கள் என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

தங்கவயல் அதோடு உலக வரைபடத்தில் ஏறியது. 1975-ல் விளங்காத தடங்கள் சிலவற்றை அந்தச் சுரங்கம் காட்டியது. ‘கோலார் நிகழ்வுகள்’ என்று பெயர் வாங்கிய அந்தப் புதிர் அப்படியே நிற்கிறது. அதற்குள் வெளியுலகில் வேறொரு புயல் கிளம்பியிருந்தது.

●

ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் பாகிஸ்தானின் அப்துஸ் சலாமும் 1973-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்கும், எலெக்ட்ரானின் குடும்பமும் ஆதியில் ஒரே வம்சம். எனவே ஒன்று மற்றொன்றாக மாறலாம், எனவே புரோட்டான் சாகலாம். அடுத்த வருடமே அமெரிக்காவில் ஜார்ஜியும் கிளாஷோவும் இன்னும் கச்சிதமான ஒரு கோட்பாட்டைக் கொடுத்தார்கள். அதிலிருந்து புரோட்டானின் ஆயுளையே கணக்கிட முடிந்தது. 1-க்குப் பின்னால் சுமார் 30 பூஜ்யம் போட்டால் வரும் ஆண்டுகள்.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதான். 10 பூஜ்யத்திலேயே அது முடிந்துவிடுகிறது. இவ்வளவு நீண்ட ஆயுளை எப்படிச் சோதிப்பது?

ஒரே புரோட்டானை உட்கார்ந்து பார்த்தால் முடியாது. கூட்டத்தைப் பார்த்தால் முடியும். ஒரு டன் இரும்பில் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை 6-க்குப் பின்னால் 29 பூஜ்யம். 140 டன்னில் 8-க்குப் பின்னால் 31 பூஜ்யம். ஆயுள் 1-க்குப் பின்னால் 31 பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால்கூட வருடத்துக்கு எட்டு சாவு விழ வேண்டும். பிரபஞ்சத்தின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் கண் கொட்டாமல் பார்த்தால் போதும்!

மேனன், ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், எம்.ஆர். கிருஷ்ணசாமி முதலானோர் ஒசாகாவின் மியாக்கே குழுவோடு சேர்ந்து களத்தில் இறங்கினார்கள். 1980 கடைசியில் கருவி இயங்கத் தொடங்கியது. புரோட்டானின் சாவைப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் சோதனை உலகிலேயே அதுதான். 2.3 கிலோமீட்டர் பாறை செய்த உபகாரத்தால், மேலே நொடிக்கு ஒன்று உள்ளங்கையைத் துளைக்கும் மியூவான், கீழே மொத்தக் கருவியிலும் நாளைக்கு இரண்டு என்ற அளவில்தான் வந்தது. அவ்வளவு அமைதி வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அதே 1980-ன் ஜனவரியில், ஆப்கானிஸ்தான் போரை எதிர்த்துப் பேசியதற்காக சகாரவை மாஸ்கோவிலிருந்து கார்க்கி நகருக்குக் கடத்திக் காவலில் வைத்தது அவர் நாட்டு அரசு. கேள்வியை எழுப்பியவர் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க, விடையைத் தேடியவர்கள் தாமாகவே பாறைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

பிறகுதான் முதலில் சொன்ன அந்தத் தடம்.

●

1981-ல் தங்கவயல் குழு ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் எழுதியது: புரோட்டான் சாவாக இருக்கக்கூடிய நிகழ்வுகள் கிடைத்திருக்கின்றன. 1982-ல் இன்னும் துணிந்து எழுதியது: கருவிக்குள்ளேயே முழுக்க அடங்கிய மூன்று நிகழ்வுகள், புரோட்டான் சாவைச் சுட்டுகின்றன. அந்த மூன்றிலிருந்து கணக்கிட்ட ஆயுள் 1-க்குப் பின்னால் 31 பூஜ்யத்தை ஒட்டி வந்தது. கோட்பாட்டாளர்கள் சொன்ன எல்லைக்குப் பக்கத்திலேயே! 1982 ஜனவரியில் இதற்கென்றே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு பம்பாயில் கூடியது. உண்மையாக இருந்தால் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. சகாரவின் முதல் நிபந்தனைக்குக் கண்கண்ட சாட்சி.

உண்மையாக இருந்தால்.

கூட்டத்தில் எல்லோர் மனத்திலும் இருந்த சந்தேகம் ஒன்றுதான். அதற்குப் பெயர் நியூட்ரினோ. 1965-ல் புகழ் கொடுத்த அதே துகள் இப்போது வில்லன். நியூட்ரினோ கருவிக்குள் நுழையும்போது தடம் விடாது. உள்ளே ஒரு இரும்பு அணுவை இடித்தால் மட்டுமே தடம் பிறக்கும். அந்தத் தடமும் நடுவில்தான் தொடங்கும், சமயத்தில் நடுவிலேயே முடியும். 140 டன் இரும்பில் இப்படி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து மோதல் எதிர்பார்க்கலாம். எவ்வளவு ஆழம் போனாலும் இதைத் தடுக்க முடியாது. மூன்று தடங்களும் புரோட்டானின் சாவா, நியூட்ரினோவின் வேஷமா?

பிரித்தறிய வழி உண்டு. புரோட்டான் செத்தால் வெளிப்படும் மொத்த ஆற்றல் 938 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். துண்டுகள் ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும். நியூட்ரினோ இடித்தால் துண்டுகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாயும். ஆனால் தங்கவயல் குழாய் ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் அகலம். அந்த அளவுகோலில் குட்டித் தடத்தின் கோணத்தையும் ஆற்றலையும் துல்லியமாகச் சொல்வது கடினம். போதாததற்கு, பிறந்த பையானை இரும்பின் அணுக்கருவே விழுங்கிவிடவும் கூடும்.

அவசரப்பட்டார்களா? என் கணிப்பில் இல்லை. ‘இப்படி இருக்கலாம்’ என்றுதான் எழுதினார்கள். படங்களையும் அளவுகளையும் எல்லோர் முன்னாலும் வைத்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கடியில், மோன் பிளாங்க் சுரங்கப்பாதையில் 150 டன் இரும்போடு இருந்த இத்தாலியக் குழுவும் ஒரு சந்தேகத் தடத்தைக் காட்டியது. மூன்று நிகழ்வை வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்பு எழுத முடியாது. தீர்ப்பு எழுத இன்னும் பெரிய கருவி வேண்டும்.

அந்தக் கருவி அமெரிக்காவில் தயாராகிக்கொண்டிருந்தது.

●

ஓஹையோ மாநிலம், ஈரி ஏரிக்கரை. மார்ட்டன் உப்புச் சுரங்கம். 600 மீட்டர் ஆழம்தான், தங்கவயலில் நான்கில் ஒரு பங்கு. நொடிக்கு இரண்டு மூன்று மியூவான் விழுந்துகொண்டே இருக்கும் இடம். தங்கவயல் அமைதியோடு ஒப்பிட்டால் சந்தைக்கடை. ஆனால் அங்கே 8,000 டன் தண்ணீர் இருந்தது. ஒரு கட்டடம் அளவுக்குத் தொட்டி வெட்டி, சுத்தமான தண்ணீரை நிரப்பி, சுற்றிலும் 2,048 ஒளிக்கண்களைப் பதித்திருந்தார்கள். வேகமான துகள் தண்ணீருக்குள் ஓடினால் மங்கலான நீல ஒளி வீசும். அந்த ஒளி சுவரில் விழும் வளையத்தைப் பார்த்தே திசையும் ஆற்றலும் சொல்லிவிடலாம். ஓரங்களை ஒதுக்கிவிட்டு நடுவில் மட்டும் 3,300 டன்னைக் கணக்கில் எடுத்தார்கள். தங்கவயலைப் போல இருபது மடங்குக்கு மேல்.

இந்தக் குழுவின் தலைவர்களில் ஒருவர், 1965-ல் தங்கவயலோடு போட்டியிட்ட அதே ரெய்ன்ஸ்.

தங்கவயல் தடங்கள், கோட்பாட்டாளர்கள் எதிர்பார்த்த பாசிட்ரான் வழிச் சாவாக இருந்திருந்தால், இந்தத் தொட்டியில் மாதத்துக்குப் பல விழ வேண்டும். 1982-ல் தண்ணீர் நிறைந்தது, ஒளிக்கண்கள் விழித்தன. 80 நாள் கணக்கை 1983-ல் வெளியிட்டார்கள்.

ஒன்றுகூட இல்லை.

பாசிட்ரானும் பையானுமாகச் சாகும் புரோட்டானின் ஆயுள் குறைந்தது, 6.5-ன் புள்ளியை 31 இடம் தள்ளினால் வரும் ஆண்டுகள் என்று வந்தது. ஜார்ஜி, கிளாஷோவின் கச்சிதமான கோட்பாடு அதோடு முடிந்தது. தங்கவயலின் மூன்று தடங்களை வேறு வழிச் சாவு என்று வாதாட இடமிருந்தது. வாதாடவும் செய்தார்கள். 1985-ல் 2 கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 260 டன்னில் இரண்டாவது கருவியையும் நிறுவினார்கள். ஆனால் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. நம்மிடம் ஆழம் இருந்தது, எடை இல்லை. ஆழத்தைத் தங்கத் தேவை தோண்டிக் கொடுத்துவிட்டது. எடைக்குப் பணம் வேண்டும், அதைக் கொடுக்க யாரும் இல்லை. தங்கவயல் தோற்றது இந்த இடத்தில்தான் என்பேன்.

அப்படியானால் சகாரவ் தவறா? மிஞ்சிய ஒரு ரூபாய்க்குக் கணக்கே கிடையாதா?

●

விடை வேண்டாத இடத்திலிருந்து வந்தது. ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் மசடோஷி கோஷிபா 3,000 டன் தண்ணீரோடு 1983-ல் தொடங்கிய சோதனையும் புரோட்டான் சாவைத் தேடித்தான். அதுவும் சாவைக் காணவில்லை. 1987 பிப்ரவரி 23 அன்று, 1,60,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் பூமியைக் கடந்தன. கமியோகாவில் 11, ஓஹையோவில் 8 பதிவாயின. இரும்பு அடுக்குகளுக்கு அவ்வளவு மெலிந்த ஆற்றல் புலப்படாது. தங்கவயல் அதைத் தவறவிட்டது.

எதைத் தொல்லை என்று கழித்துக் கட்டப் பார்த்தார்களோ, அதுவே கதாநாயகன் ஆனது. கமியோகாவின் பெரிய தம்பி சூப்பர் கமியோகாண்டே, 50,000 டன் தண்ணீரோடு 1996-ல் தொடங்கி, 1998-ல் நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று நிரூபித்தது. இதற்குப் பல வருடங்கள் முன்பே, 1986-ல், ஃபுகுகிதா, யனகிதா என்ற இரண்டு ஜப்பானியர் ஒரு வாதத்தை முன்வைத்திருந்தார்கள். ஆதிப் பிரபஞ்சத்தில் பிரம்மாண்ட எடையுள்ள நியூட்ரினோக்கள் இருந்திருக்கலாம். அவை சாகும்போது காட்டிய ஓரவஞ்சனையே பிற்பாடு பொருளின் மிச்சமாக மாறியிருக்கலாம். அந்த மாற்றத்துக்கான வழியை அதற்கு முந்தைய வருடம்தான் குஸ்மின், ருபகோவ், ஷபோஷ்னிகோவ் என்ற மூன்று சோவியத் இயற்பியலாளர்கள் காட்டியிருந்தார்கள். புரோட்டான் எத்தனை காலம் உயிரோடு இருந்தாலும் சகாரவின் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிடும்.

புரோட்டான் இன்றுவரை பிடி கொடுக்கவில்லை. சூப்பர் கமியோகாண்டேயின் கணக்கில், பாசிட்ரான் வழியில் அதன் ஆயுள் குறைந்தது, 2.4-ன் புள்ளியை 34 இடம் தள்ளினால் வரும் ஆண்டுகளாகிவிட்டது.

தங்கவயலில் இயற்பியல் சோதனைகள் 1990-களின் தொடக்கத்தில் நின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. இறைப்பதை நிறுத்தியதும் தண்ணீர் ஏறி, குகைகள் மூழ்கின. ஆனால் புரோட்டான் சாவுக்காக அங்கே இளம் வயதில் இறங்கிய நபா மண்டல் போன்றவர்களுக்கு ஆசை மூழ்கவில்லை. இன்னொரு ஆழம் தேடி இந்தியாவின் மலைகளையெல்லாம் அலசினார்கள். இந்த முறை எடையில் தோற்பதில்லை என்று முடிவு செய்து, 140 டன் இருந்த இடத்தில் 50,000 டன் காந்த இரும்பு என்று, நியூட்ரினோவைப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதலும் கொடுத்தது.

தேர்ந்தெடுத்த மலை தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையில், பொட்டிபுரம் என்ற கிராமத்தை ஒட்டி இருக்கிறது. அந்த 50,000 டன்னில் ஒரு டன்கூட இன்றுவரை மலைக்குள் போகவில்லை. ஏன் போகவில்லை? அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர்களில் யாருடைய அப்பாவோ தாத்தாவோ சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்திருந்தால், பம்பாயிலிருந்து வந்தவர்களின் இரும்புக் குழாய்களையும் தகடுகளையும் கீழே இறக்கியதைப் பற்றி வீட்டில் பேச்சு இருந்திருந்தால், இதழுக்கு எழுதுங்கள். விஞ்ஞானிகளின் பெயர்கள் கட்டுரைகளில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கருவியைத் தூக்கியவர்களின் நினைவுகளை இந்தத் தொடரிலாவது அச்சேற்றிவிட வேண்டும்.

(தொடரும்)